மரகதப்புறா எது, பச்சைப்புறா எது? தரையும் மர உச்சியும் பிரித்து வைத்த இரண்டு புறாக்கள்

தமிழ்நாட்டின் மாநிலப் பறவை மரகதப்புறா. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தப் பெயரைப் போட்டுப் பகிரப்படும் படங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், ஆலமர உச்சியில் மஞ்சள் காலோடு உட்கார்ந்திருக்கும் வேறொரு பறவைதான் பல இடங்களில் இருக்கிறது. அதற்குப் பெயர் பச்சைப்புறா. சரியாகச் சொன்னால் மஞ்சள்கால் பச்சைப்புறா, மகாராஷ்டிரத்தின் மாநிலப் பறவை. அதாவது நம் மாநிலப் பறவை என்று வாழ்த்துப் படம் போடுபவர்கள் பலர் தெரியாமலே பக்கத்து மாநிலங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இரண்டும் புறா, இரண்டும் பச்சை, இரண்டும் தமிழ்நாட்டில் உண்டு. அதனால் குழப்பம் வருவதில் வியப்பில்லை. ஆனால் இவை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவே கிடையாது. தின்பது, நடப்பது, கத்துவது, சேர்ந்து வாழ்வது என எல்லாவற்றிலும் வேறு. அந்த வேறுபாடு ஏன் வந்தது என்று புரிந்துகொண்டால் அடையாளம் தானாக மனதில் நிற்கும், பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

முதலில் அடிப்படை

புறாக் குடும்பத்தில் உலகம் முழுக்க 300க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. நாம் மாடியிலும் கோயில் கோபுரத்திலும் பார்க்கும் மாடப்புறா அதில் ஒன்று மட்டும். மொரீசியஸ் தீவில் அழிந்துபோன டோடோவும் இந்தக் குடும்பம்தான், இன்று உயிரோடு இருப்பவற்றில் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறா.

இந்தக் குடும்பத்துக்கென்று சில பொதுக் குணங்கள் உண்டு. தண்ணீரில் அலகை வைத்தால் தலையைத் தூக்காமலே உறிஞ்சிக் குடித்துவிடும். கூடு என்ற பெயரில் நாலு குச்சியை அடுக்கி வைக்கும், கீழிருந்து பார்த்தால் சில நேரம் முட்டையே தெரியும். குஞ்சுக்கு முதல் நாட்களில் புழு பூச்சி பிடித்துக் கொடுக்காது. தாயும் தந்தையும் தொண்டைக்குக் கீழே உள்ள தீனிப்பையின் உட்சுவரில் சுரக்கும் தயிர் போன்ற ஒரு பொருளை ஊட்டும், அதைத்தான் புறாப்பால் என்கிறார்கள். மரகதப்புறா, பச்சைப்புறா இரண்டுக்கும் இதெல்லாம் பொது. இரண்டுமே வழக்கமாக இரண்டு முட்டைகள் இடும்.

இரண்டு சொற்களை மட்டும் இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம், பின்னால் தேவைப்படும்.

1. பேரினம்: நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பு. மரகதப்புறா சால்கோஃபாப்ஸ் என்ற பேரினம், பச்சைப்புறா ட்ரெரான் என்ற பேரினம்.
2. அரைவைப்பை: பறவைக்குப் பல் கிடையாது அல்லவா, அதற்குப் பதிலாக வயிற்றில் இருக்கும் தடித்த தசைப்பை. விழுங்கிய சிறு கற்களும் மணலும் இதில் தங்கி, கெட்டியான இரையை நசுக்க உதவும். கோழி அறுப்பவர்கள் இதைக் கீறிக் கல்லை வெளியே கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்.

இரண்டின் தோற்றம்

மரகதப்புறா சிறியது, நீளம் 25 செ.மீ. அளவு. முதுகும் சிறகும் மட்டும்தான் மின்னும் பச்சை. கழுத்து, நெஞ்சு, வயிறு எல்லாம் திராட்சை ரசம் கலந்தது போன்ற இளஞ்சிவப்புப் பழுப்பு. அலகு பவளச் சிவப்பு. ஆணுக்கு உச்சந்தலை சாம்பல் நிறம், நெற்றியும் புருவமும் வெள்ளை, தோளில் ஒரு வெள்ளைத் திட்டு. பெண் இன்னும் பழுப்பாக இருக்கும், வெள்ளை அவ்வளவு எடுப்பாக இருக்காது. பறக்கும்போது இடுப்பில் வெளிறிய இரண்டு பட்டைகள் தெரியும். காட்டில் பெரும்பாலானோர் இந்தப் பறவையைப் பார்ப்பதே முதுகைக் காட்டிக்கொண்டு அது ஓடும் அந்த ஒரு நொடியில்தான் என்பதால் இந்தப் பட்டைகளை நினைவில் வைப்பது நல்லது.

மஞ்சள்கால் பச்சைப்புறா பெரியது, 30 செ.மீ.க்கு மேலேயும் போகும், எடையிலும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உடம்பு முழுக்க மஞ்சள் கலந்த மங்கிய பச்சை, பளபளப்பு இல்லை. தலை சாம்பல், கழுத்தைச் சுற்றி பொன்மஞ்சள், தோளில் இளஊதாத் திட்டு, கால் நல்ல மஞ்சள். தென்னிந்தியப் பறவைக்கு வயிறும் மஞ்சளாகவே இருக்கும், வடக்கே உள்ளதற்கு வயிறு சாம்பல். ஆண், பெண் வேறுபாடு கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

தரையில் ஒன்று, உச்சியில் ஒன்று

கதையின் மையம் இதுதான், மற்ற எல்லா வேறுபாடும் இதிலிருந்தே கிளைக்கிறது.

மரகதப்புறா காட்டுத் தரையில் இரை தேடும் பறவை. உதிர்ந்த விதை, விழுந்த பழம், நடுவில் கிடைத்தால் கறையான். நிழல் விழும் ஒற்றையடிப் பாதையிலும் மூங்கில் புதரின் அடியிலும் சருகுக்கு நடுவே குட்டி நடை போட்டுப் பொறுக்கிக்கொண்டிருக்கும். ஆள் வந்தால் முதலில் பறக்காது, நடந்தே விலகப் பார்க்கும், நெருங்கிவிட்டால்தான் சட்டென்று எழும்பித் தாழ்வாக மரங்களுக்கு இடையே அம்பாகப் போய்விடும்.

பச்சைப்புறா நேர் எதிர். அதன் உலகம் மர உச்சி, அதிலும் குறிப்பாக ஆல், அரசு, அத்தி, இச்சி போன்ற அத்தி இன மரங்கள். கிளையைப் பிடித்துக் கிளிபோல ஏறும், நுனிக்கொம்பில் தலைகீழாகத் தொங்கிப் பழத்தைப் பறிக்கும், பாதம் அகலமாகவும் சதைப்பற்றோடும் இருப்பதால் மெல்லிய குச்சிகூட வழுக்காது. தண்ணீர் குடிக்கவோ உப்பு மண் தின்னவோ எப்போதாவது இறங்கும், அவ்வளவுதான். இந்தப் பறவை தரையில் கால் வைக்கவே வைக்காது, குடிக்க இறங்கினாலும் காலில் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டே இறங்கும் என்று வட இந்தியாவில் ஒரு நம்பிக்கை உண்டு. உண்மை இல்லைதான், ஆனால் எந்தப் பறவையைப் பற்றி இப்படிச் சொல்லத் தோன்றியிருக்கிறது என்று பாருங்கள். மரகதப்புறாவைப் பற்றி யாரும் இப்படிச் சொல்லியிருக்க முடியாது.

சரி, இரை இருக்கும் இடம் மாறினால் வாழ்க்கையில் என்ன மாறும்?

1. கூட்டம். காட்டுத் தரையில் விதை சிதறிக் கிடக்கிறது, இங்கே நாலு, அங்கே ரெண்டு. பத்துப் பறவை ஒன்றாகப் போனால் யாருக்கும் வயிறு நிறையாது. அதனால் மரகதப்புறா தனியாகவோ ஜோடியாகவோதான் திரியும். காய்த்த ஆலமரமோ ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான பழங்கள். ஐம்பது பறவை வந்தாலும் சண்டை இல்லாமல் தின்னலாம், கழுகோ வல்லூறோ வந்தால் கவனிக்கவும் நிறையக் கண்கள். பச்சைப்புறா கூட்டமாக வாழ்வதற்கு இதுதான் பொருளாதாரம்.

2. அலைச்சல். இது கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியது. அத்தி இன மரங்கள் மா, பலா மாதிரி ஒரே பருவத்தில் எல்லாம் சேர்ந்து காய்ப்பதில்லை. காரணம் அத்திக்குளவி. ஒவ்வொரு அத்தி இனத்துக்கும் மகரந்தம் சேர்க்கத் தனக்கென்று சின்னஞ்சிறு குளவி உண்டு, அது வளர்வதும் அத்திக்காய்க்கு உள்ளேதான், வெளியே வந்தால் ஒன்றிரண்டு நாள்தான் உயிரோடு இருக்கும். அந்த அவகாசத்துக்குள் பூ நிலையில் இருக்கும் இன்னொரு மரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எல்லா மரமும் ஒரே மாதத்தில் பூத்து முடித்துவிட்டால் குளவி அழிந்துவிடும், குளவி இல்லாவிட்டால் மரத்துக்கு விதை இல்லை. ஆகவே ஒவ்வொரு மரமும் தன் போக்கில் வேறுவேறு நேரத்தில் காய்க்கிறது. பறவைக்கு இதன் பொருள்: வருடம் முழுக்க எங்கேயோ ஒரு மரத்தில் பழம் இருக்கும், ஆனால் எங்கே என்று தேடிப் போக வேண்டும். இன்று இருந்த கூட்டம் அடுத்த வாரம் அந்த மரத்தில் இல்லாமல் போவதும், மறுபடி காய்க்கும்போது எங்கிருந்தோ வந்து சேர்வதும் இதனால்தான். மரகதப்புறாவுக்கு இந்த அலைச்சல் தேவையில்லை, தனக்குப் பழகிய நிழல் காட்டையே சுற்றிக்கொண்டிருக்கும்.

3. உப்பு. பழத்தை மட்டுமே நம்பி வாழ்வதில் ஒரு சிக்கல், பழத்தில் சோடியம் மிகக் குறைவு. ஜப்பானில் வாழும் ஒரு பச்சைப்புறா இனம் கடற்கரைப் பாறைகளுக்குக் கூட்டமாக வந்து, அலையடிக்கும் இடத்தில் கடல்நீரையே குடிக்கும். புறா கடல்நீர் குடிக்கிறது என்று படித்தால் கட்டுக்கதை என்று ஒதுக்கத் தோன்றும், ஆனால் நன்றாகப் பதிவான விஷயம்.

பச்சை நிறம் ஒன்றல்ல

பச்சைப்புறாவின் நிறம் இலையோடு கலந்துபோவதற்கான நிறம். மஞ்சளும் பச்சையும் சாம்பலும் கலந்த மங்கிய உடம்பு, வெயில் பட்ட இலைக்கூட்டத்தில் அப்படியே கரைந்துவிடும். ஆட்கள் வந்ததும் கூட்டம் மொத்தமும் அசையாமல் உறைந்துவிடுவதும் உண்டு. மரம் காலி என்று நினைத்துக் கிளம்பும்போது படபடவென்று இறக்கையடித்துக்கொண்டு முப்பது பறவை வெளியே கொட்டும்.

மரகதப்புறாவின் பச்சையோ உலோகம் போல மின்னுவது. ஒளி இறகின் நுண்ணிய அடுக்குகளில் பட்டுத் திரும்பும் கோணத்தைப் பொறுத்து அது செம்பாகவும் பச்சையாகவும் மாறும். வெளிச்சம் இல்லாவிட்டால் மின்னலும் இல்லை. இருண்ட சோலைத் தரையில் அது பெரும்பாலும் ஏதோ ஒரு பழுப்புப் பறவையாகத்தான் தெரியும், இலை இடுக்கில் விழும் ஒரு கீற்று வெயிலைக் கடக்கும்போது மட்டும் முதுகு ஒரு கணம் எரியும். புகைப்படங்களில் எப்போதும் ஜொலிப்பதைப் பார்த்துவிட்டு நேரில் போகிறவர்கள் ஏமாறுவதற்கும், கண்ணெதிரே நடப்பதை அடையாளம் தெரியாமல் விட்டுவிடுவதற்கும் இது ஒரு காரணம்.

பழம் தின்றால் விதை பரப்பும் என்பது சரியா?

பழம் தின்னும் பறவைகள் காட்டை வளர்க்கின்றன என்று படித்திருப்போம். பொதுவாக உண்மைதான். ஆனால் இந்த இரண்டு புறாக்களைப் பொறுத்தவரை அதை அப்படியே சொல்ல முடியாது, இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள்.

விதை பரவ வேண்டுமானால் பறவை அதை முழுசாக விழுங்கி, உடையாமல் வெளியேற்ற வேண்டும். மரகதப்புறா விதையையே இரையாகத் தின்பது, அரைவைப்பையில் நசுக்கிச் சத்தை எடுத்துக்கொள்வது. மரத்தின் பார்வையில் அது விதைக்கு எமன். இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆச்சரியம் பச்சைப்புறாவில் இருக்கிறது. அத்திப்பழத்தை மூச்சு முட்டத் தின்னும் பறவை, ஒரு பழத்தில் நூற்றுக்கணக்கான விதைகள், எனவே அது பெரிய விதைப் பரப்பியாக இருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மலேசியத் தாழ்நில மழைக்காட்டில் அத்தி மரங்களுக்கு வரும் புறாக்களை ஆராய்ந்து 1989இல் வெளியான ஆய்வு ஒன்று, ட்ரெரான் பேரினப் பச்சைப்புறாக்களின் அரைவைப்பை அத்தி விதைகளை அரைத்துவிடுகிறது என்று காட்டியது. அவை பழச்சதையை மட்டும் நம்பியில்லை, அந்தப் பொடி விதைகளில் உள்ள சத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்கின்றன. சில விதைகள் தப்பிப் பிழைக்கலாம், ஆனால் அதை முக்கியப் பணியாகச் சொல்ல முடியாது.

அப்படியானால் விதை பரப்பும் புறாவே கிடையாதா? உண்டு. டுகுலா என்ற பேரினத்தைச் சேர்ந்த இம்பீரியல் புறாக்கள், மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளிலும் இருக்கின்றன, உருவத்தில் பெரியவை. இவற்றின் வாய் நன்றாக விரியும், அரைவைப்பைச் சுவர் மெல்லியது. காட்டு ஜாதிக்காய் போன்ற பெரிய கொட்டையை முழுசாக விழுங்கி, சதையை மட்டும் செரித்து, கொட்டையை வேறு மரத்தடியில் போட்டுவிடும். அத்தி விதையைப் பொறுத்தவரை இருவாட்சி, மைனா, குக்குறுவான், சின்னான் ஆகியவையும் நம்பகமான ஆட்கள்.

இதனால் பச்சைப்புறாவையோ மரகதப்புறாவையோ காட்டுக்குப் பயனற்றவை என்று தள்ளக் கூடாது. விதை தின்னும் உயிர்களும் காட்டின் கணக்கில் சேர்ந்தவைதான், எந்த மரக்கன்று எங்கே எத்தனை முளைக்கிறது என்பதை அவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. அப்புறம் உச்சியில் பச்சைப்புறாக்கள் தள்ளுமுள்ளில் உதிர்க்கும் பழம் கீழே மானுக்கும் பன்றிக்கும் மரகதப்புறாவுக்கும் விருந்து. ஒரே மரத்தின் மேலும் கீழும் இந்த இரண்டு புறாக்களும் ஒரே நேரத்தில் சாப்பிடுவது நடக்கக் கூடியதுதான்.

காட்டில் எப்படிப் பிரித்தறிவது

வரிசையாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை. முதல் இரண்டிலேயே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

1. நெஞ்சு என்ன நிறம்? பழுப்புச் சிவப்பு என்றால் மரகதப்புறா. நெஞ்சில் மஞ்சளோ பச்சையோ இருந்தால் அது எந்த நிலையிலும் மரகதப்புறா இல்லை.
2. அலகு? பளிச்சென்ற சிவப்பு மரகதப்புறாவுக்கு மட்டும். பச்சைப்புறாவுக்கு அலகு வெளிர் சாம்பல்.
3. எங்கே, எத்தனை? தரையில் ஒன்றிரண்டு, அல்லது மரத்தில் கூட்டம். மரகதப்புறா கிளையில் உட்காரவே உட்காராது என்று இல்லை, கூவுவதும் கூடு கட்டுவதும் மரத்தில்தான், அதனால் இடத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.
4. குரல்? மரகதப்புறாவுடையது தாழ்ந்த முனகல், மெல்லத் தொடங்கிக் கொஞ்சம் உயரும், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே பிடிபடாது. பச்சைப்புறா புறா மாதிரிக் கூவாது, ஏறி இறங்கும் இனிய சீட்டி அது. முதல்முறை கேட்பவர்கள் புறா என்று நம்ப மாட்டார்கள்.
5. கால்? மஞ்சள் என்றால் மஞ்சள்கால் பச்சைப்புறா. சிவப்பாக இருந்தால் உடனே மரகதப்புறா என்று எழுதிவிட வேண்டாம். மலைக்காடுகளில் இருக்கும் சாம்பல்நெற்றிப் பச்சைப்புறா போன்ற பிற பச்சைப்புறாக்களுக்கும் கால் சிவந்திருக்கும், அங்கே முதல் கேள்விக்கே திரும்பிப் போக வேண்டும். இலங்கையில் பார்ப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு, அந்தத் தீவுக்கே உரிய தனிப் பச்சைப்புறா இனம் ஒன்று அங்கே உண்டு, மரகதப்புறாவும் உண்டு.

மாறிப்போனால் என்ன நஷ்டம்?

படம் மாறிப் போட்டால் வானம் இடிந்துவிடாது. ஆனால் பறவைக்கு என்ன செய்வது என்ற கேள்வி வரும்போது இரண்டுக்கும் விடை வேறு.

1. மரம் நடுவது. மாநிலப் பறவைக்காக என்று சொல்லி ஆலும் அரசும் நட்டால் நல்லதுதான், ஆனால் பலன் போவது பச்சைப்புறாவுக்கு. மரகதப்புறாவுக்கு வேண்டியது அடர்ந்த நிழல், புதர், மூங்கில், பெருக்கித் தள்ளாத சருகு. சுத்தமாகக் கூட்டி வைத்த பூங்காவில் அதற்கு ஒன்றும் இல்லை. நிழல் மரங்களுக்கு அடியில் காப்பியோ ஏலமோ வளர்க்கும் தோட்டத்தில் அது வாழும், வெட்டவெளியாகக் கிடக்கும் தேயிலைச் சரிவில் வாழாது.

2. மரம் வெட்டுவது. சாலை அகலப்படுத்தும்போது போகும் பழைய ஆலமரங்கள் பச்சைப்புறாவின் அலைச்சல் பாதையில் ஒவ்வொரு கண்ணி. வேறுவேறு காலத்தில் காய்க்கும் மரங்கள் பரவலாக இருந்தால்தான் வருடம் முழுக்க ஓட்ட முடியும் என்பதால், பத்து மரத்தில் நாலு போனால் இழப்பு நாலு மரம் மட்டும் இல்லை, சில வாரங்கள் அந்த வட்டாரத்தில் பழமே இல்லாத நிலைமையும்தான். ஒரு கன்றை நட்டு ஈடுகட்டிவிடலாம் என்பது எனக்கு நம்பும்படி இல்லை, அந்தக் கன்று காய்க்க ஆண்டுகள் பிடிக்கும்.

3. நாய், பூனை, வண்டி. தரையில் நடக்கும் பறவைக்கு இவை பெரிய ஆபத்து. காட்டை ஒட்டிய விடுதிகளும் வீடுகளும் பெருகும் இடங்களில் மரகதப்புறா படும் பாடு பச்சைப்புறாவுக்கு இல்லை.

4. கண்ணாடி. இதில் இரண்டு வகையும் ஒரே படகில். சிங்கப்பூரில் கட்டிடக் கண்ணாடியில் மோதி இறக்கும் உள்ளூர்ப் பறவைகளில் அதிகம் கிடைப்பவை மரகதப்புறாவும் அங்குள்ள இளஞ்சிவப்புக் கழுத்துப் பச்சைப்புறாவும். ஒன்று தாழ்வாக மரங்களுக்கு நடுவே முழு வேகத்தில் பாய்வது, இன்னொன்று பழ மரம் தேடி நகரத்தின் குறுக்கே பறப்பது. கண்ணாடியில் தெரியும் மரத்தை மரம் என்றே நம்பிப் போய் மோதுகின்றன. மலைவாசஸ்தலங்களில் காட்டைப் பார்த்தபடி தரைமுதல் கூரைவரை கண்ணாடி வைக்கும் பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது, வெளிப்பக்கம் நெருக்கமாகப் புள்ளியோ கோடோ ஒட்டினால் மோதல் குறையும்.

5. கூண்டு. யாராவது மரகதப்புறா என்றோ பச்சைப்புறா என்றோ சொல்லி விற்க வந்தால், எது என்று கண்டுபிடிக்கும் வேலையே வேண்டாம். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டையும் பிடிப்பது, விற்பது, அடைத்து வளர்ப்பது எல்லாமே குற்றம், வனத்துறைக்குச் சொல்லிவிடலாம்.